புதியவர்களுக்காக ஒரு ரெடிமேட் சாகசத்தை வெட்டித் தைப்பது: கேம் மாஸ்டருக்கான முழுமையான வழிகாட்டி

இது கேம் மாஸ்டராக (கதையை நடத்துகிறவர், சுருக்கமாக ஜிஎம்) உட்காரப் போகிறவருக்காக எழுதியது. விளையாடப் போகிறவர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கீழே கதையின் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்து கிடக்கின்றன.

எடுத்துக்கொள்ளும் சாகசம் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்'. ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி மேசையில் விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்காக 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட் பெட்டிக்குள் இருந்த 64 பக்கப் புத்தகம். நான்கு பாகங்கள். லெவல் 1இல் தொடங்கும் கேரக்டர்கள் லெவல் 5 வரை வளர்வார்கள். முழுவதையும் விளையாட, வாரம் ஒருமுறை உட்கார்ந்தாலும் சில மாதங்கள் ஆகிவிடும். நாம் முதல் பாகத்தை மட்டும் எடுக்கிறோம். டைஸையே தொட்டிராத நான்கு பேர் ஒரே நாளில், நான்கு மணி நேரத்தில் தொடங்கி முடிக்கும்படி அதை மாற்றப் போகிறோம். உங்களிடம் வேறு சாகசம் இருந்தாலும் படிகளின் வரிசை இதேதான்.

அந்த வரிசைதான் முக்கியம். புதிதாக ஜிஎம் ஆகிறவர்களில் பலர் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள். அரக்கனை மாற்றுவார்கள், ஊர்ப் பெயரை மாற்றுவார்கள், வில்லனுக்கு நான்கு பக்கத்துக்குப் பின்கதை எழுதுவார்கள். விளையாட்டு நாளில் அந்த வில்லன் வருவதற்குள் மணி பத்தாகி எல்லோரும் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்திருப்பார்கள். முதலில் ஆட்களும் நேரமும், அடுத்து வெட்டு, அதற்கப்புறம் எண்கள், எல்லாம் முடிந்த பின் அலங்காரம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாகசப் புத்தகம் வேண்டும். விதிகளுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நமக்குத் தேவையான கோப்ளின் (சின்ன அரக்கன்), பக்பேர் (அதைவிடப் பெரிய அரக்கன்), ஓநாய் மூன்றின் விவரமும் அதில் இருக்கிறது.

இருபது முக டைஸ் ஆளுக்கு ஒன்று. மற்ற டைஸ் இரண்டு செட் போதும், பகிர்ந்துகொள்ளலாம். பெட்டியில் வரும் ஒரே செட்டை ஐந்து பேர் கைமாற்றிக்கொண்டிருந்தால், உருட்டும் நேரத்தைவிடத் தேடும் நேரம் அதிகமாகும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ஒரு கட்டு சின்ன அட்டைகள். ஒரு கட்டம் 5 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்ளின்களுக்குக் கேரம் காய், வீரர்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் பாட்டில் மூடி. பொம்மைகள், மறைப்புத் திரை, பின்னணி இசை எதுவும் முதல் நாளில் தேவையில்லை. அவற்றைச் சேர்க்கப் போகும் நேரத்தைப் படி 7க்குக் கொடுங்கள்.

2. முதலில் ஆட்களும் நேரமும்

யார் வருகிறார்கள் என்று தெரியாமல் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள். மூன்று பேரா ஐந்து பேரா என்பதைப் பொறுத்து எதிரிகளின் எண்ணிக்கை மாறும். முதல் முறைக்கு நான்கு பேர் சரியான அளவு. ஆறு பேர் என்றால், தன் முறை வர ஒருவர் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிவரும். அந்த இடைவெளியில் கை தானாக ஃபோனுக்குப் போகும்.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, கதையில் எது வந்தால் பிடிக்காது என்று கேளுங்கள். எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டால் "எனக்கு எதுவும் பிரச்சினை இல்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பாகத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு கைதி வருகிறார், சங்கிலியில் கட்டிய ஓநாய்கள் வருகின்றன. என் மேசையில் ஒருவர், நாய் மாதிரி எதையும் அடிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொன்னார். அதனால் ஓநாய்க் காட்சியைச் சண்டையாக இல்லாமல் தீனி போட்டுச் சமாளிக்கும் காட்சியாகத் திட்டமிட்டேன். அன்றைக்கு எல்லோரும் கடைசிவரை பேசிய காட்சி அதுதான்.

நேரத்தை எழுதி வையுங்கள். என் கணக்கு இது: வந்து உட்கார்ந்து கேரக்டர் தேர்ந்தெடுக்க 30 நிமிடம், சாலைக் காட்சி 20, பதுங்கித் தாக்குதல் 45, டீ 15, காட்டுப்பாதையும் குகை வாசலும் 40, கைதி இருக்கும் அறை 45, கோப்ளின்களின் தலைவனோடு மோதல் 30, முடிவு 15. மொத்தம் 240 நிமிடம். யாராவது அரை மணி தாமதமாக வருவது நிச்சயம், அப்போது தலைவனின் 30 நிமிடத்தைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடலாம் என்பதை அன்றைக்கு யோசிக்கக் கூடாது, இன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும்.

3. இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை கதையாகப் படியுங்கள். கன்ட்ரன் என்ற குள்ளர் நெவர்வின்டர் நகரத்தில் வீரர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். ஒரு வண்டிச் சரக்கை ஃபேன்டலின் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஆளுக்கு 10 பொற்காசு. அவர் சில்டார் என்ற வீரரோடு குதிரையில் முன்னே போய்விடுகிறார். வழியில் வீரர்கள் பார்ப்பது இரண்டு செத்த குதிரைகள். நான்கு கோப்ளின்கள் புதரிலிருந்து பாய்கின்றன. தடத்தைப் பிடித்துப் போனால் ஒரு குகை. உள்ளே சில்டார் கைதியாக இருக்கிறார்.

இரண்டாம் முறை பென்சிலோடு படியுங்கள். வீரர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய தகவலுக்கு வட்டம். அவர்கள் செய்து பார்க்கக்கூடிய செயலுக்கு அடிக்கோடு. மற்றதெல்லாம் ஜிஎம்மின் வாசிப்பு சுகத்துக்காக எழுதப்பட்டது, அது மேசைக்கு வராது.

வட்டமிட்டதையும் அடிக்கோடிட்டதையும் ஒரே தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். விளையாடும்போது புத்தகம் மூடியே இருக்க வேண்டும். ஜிஎம் பக்கம் புரட்டும் ஒவ்வொரு முறையும் மேசை அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியில், தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

4. கதையை ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள்

ஒரு நாளில் முடிகிற கதைக்கு ஒரே கேள்விதான் இருக்க முடியும். இங்கே அது "காணாமல் போனவரை மீட்பார்களா?"

புத்தகத்தில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வீரர்களுக்கு வேலை கொடுத்தவர் கன்ட்ரன், அவர்கள் தேடுவதும் கன்ட்ரனைத்தான். ஆனால் குகையில் கிடைப்பது சில்டார். கன்ட்ரனை வேறொரு கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அது மூன்றாம் பாகத்தில்தான் வரும். பல வாரம் விளையாடும் குழுவுக்கு இது நல்ல தூண்டில். ஒரே நாள் விளையாடுகிறவர்களுக்கோ, நான்கு மணி நேரம் கஷ்டப்பட்டுத் தவறான ஆளைக் காப்பாற்றிய மாதிரி இருக்கும்.

ஆகவே இருவரையும் ஒருவராக்குங்கள். சில்டாரே வேண்டாம். குகையில் கட்டிக் கிடப்பது கன்ட்ரன். அவர் கிடைத்துவிட்டார், ஆனால் அவரிடம் இருந்த சுரங்க வரைபடத்தை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று, அடுத்த முறை கூடினால் தொடரவும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

தொடக்கத்திலும் ஒரு தையல் தேவை. கன்ட்ரன் யார், அவரை ஏன் தேட வேண்டும் என்பது புதியவருக்குத் தோன்றாது. கூலி கொடுத்தவர் என்பது மட்டும் போதுமான காரணம் இல்லை. ஒவ்வொருவரிடமும் "கன்ட்ரன் உங்களுக்கு ஒருதடவை செய்த உதவி என்ன?" என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அவர்களே சொன்ன பதில் என்பதால் அவர் மேல் அக்கறை வந்துவிடும்.

5. வெட்டுங்கள்

குகை வரைபடத்தில் எட்டு இடங்கள் இருக்கின்றன. நான்கு மணி நேரத்தில் எட்டையும் பார்க்க முடியாது. முயன்றால் கடைசி மூன்றும் ஓட்டமாக ஓடும்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: குகை வாசல், அதன் எதிரே புதருக்குள் இருக்கும் காவல், ஓநாய்க் கொட்டில், மேலே பாலம் போகும் இடம், கைதி இருக்கும் அறை, தலைவனின் அறை. நீக்க வேண்டியவை: அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருக்கும் குளங்களின் அறை, செங்குத்தான கிளைப் பாதை. காட்டுப்பாதையில் சுருக்குக் கயிறு ஒன்று, பள்ளம் ஒன்று என இரண்டு பொறிகள் வருகின்றன. ஒன்று போதும். அடுத்தடுத்து இரண்டு பொறி வைத்தால் புதியவர்கள் அதற்கப்புறம் ஒவ்வோர் அடிக்கும் "இங்கே பொறி இருக்கா?" என்று கேட்பார்கள், ஆட்டம் நகராது.

குளத்து அணையை உடைத்து வீரர்கள் மேல் வெள்ளத்தைத் திறந்துவிடுவது புத்தகத்தின் அழகான யோசனை, வெட்ட மனம் வராது. ஆனால் லெவல் 1 வீரர்களைக் குகைக்கு வெளியே அடித்துத் தள்ளிவிட்டால் அவர்கள் திரும்ப நடந்து வர இருபது நிமிடம் போய்விடும். வெட்டிவிடுங்கள்.

வெட்டியதும், மிச்சம் இருப்பவற்றுக்கு இடையே கோடு இழுத்துப் பாருங்கள். ஓநாய்க் கொட்டிலின் பின்பக்கம் ஒரு பிளவு வழியாக ஏறினால் தலைவனின் அறைக்கே போகலாம். இந்தக் குறுக்குவழியை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். "நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம்" என்ற மகிழ்ச்சியை அது மலிவாகத் தருகிறது. முந்தைய படியில் மாற்றியதை இங்கே கவனிக்க வேண்டும்: பிளவு வழியாக நேரே தலைவனிடம் போய்விட்டால் கைதியை எப்போது பார்ப்பார்கள்? தலைவனின் அறையிலிருந்து கைதியின் குரல் கேட்கும்படி வைத்துவிட்டால் போதும்.

6. ஒரு காட்சிக்கு ஒரு விதி

புதியவரிடம் விதிகளை முன்கூட்டி விளக்காதீர்கள். அரை மணி நேர விளக்கத்தில் அவர் நினைவில் நிற்பது இருபது முக டைஸ் மட்டும். ஒவ்வொரு காட்சியும் ஒரே ஒரு புது விதியைக் கற்றுத்தரும்படி அடுக்குங்கள். அந்த விதி தேவைப்படும் நொடியில் சொல்லிக்கொடுங்கள்.

செத்த குதிரைகள்: உருட்டு, கேரக்டர் ஷீட்டில் (கேரக்டரின் எண்கள் எழுதிய தாள்) உள்ள எண்ணைக் கூட்டு, சொல். இது ஒன்றுதான். யாருக்கும் ஆபத்து இல்லாத இடம் என்பதால் தப்பாக உருட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

பதுங்கித் தாக்குதல்: இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசை), ஆர்மர் கிளாஸ் (அடி பட உருட்டல் எட்ட வேண்டிய எண்), அடித்தால் எவ்வளவு சேதம். குகை வாசல்: சத்தமில்லாமல் போவது. ஓநாய்கள்: சண்டை போடாமலும் தீர்க்கலாம் என்பது. கைதி அறை: பேரம் பேசுவது. தலைவன்: இதுவரை கற்ற எல்லாம் சேர்ந்து.

சாலைக் காட்சியை அவசரமாகக் கடந்து சண்டைக்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சண்டை சுவாரசியம் என்று ஜிஎம் நினைக்கிறார். டைஸில் எந்த எண்ணைப் பார்ப்பது என்றே தெரியாதவருக்குச் சண்டையின் முதல் சுற்று தேர்வு ஹால் மாதிரி இருக்கிறது.

7. எண்களைக் குறையுங்கள்

இங்கே நிதானமாக உட்காருங்கள். முதல் சண்டையிலேயே பாதிப்பேர் விழுந்துவிடும் செஷன்கள் எல்லாம் இந்தப் படியைத் தாண்டிப் போனதால் வந்தவை. நான் முதல் முறை நடத்தியபோது புத்தகத்தில் உள்ளபடியே நான்கு கோப்ளின்களை விட்டேன். இருபது நிமிடத்துக்குள் இரண்டு பேர் நினைவிழந்து கிடந்தார்கள். அதில் ஒருவர் முதன்முதலாக விளையாட வந்தவர், அடுத்த முக்கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுறை கூப்பிட்டபோது அவர் வரவில்லை.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு 2014 விதிகளிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு கோப்ளினுக்கு 50 அனுபவப் புள்ளி, நான்குக்கு 200. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரண்டால் பெருக்கச் சொல்கிறது விதி, ஆக 400. லெவல் 1 கேரக்டர் ஒருவருக்கு 'டெட்லி' எல்லை 100. நான்கு பேருக்கு 400. அதாவது நான்கு பேர் மேசையில் முதல் சண்டையே உயிர் போகும் அளவு கடினமானது. பெட்டியில் வரும் ஐந்து கேரக்டர்களும் இருந்தால் எல்லை 500 ஆகி, சண்டை 'ஹார்டு' அளவுக்கு இறங்கும்.

அதோடு பதுங்கல் வேறு. கோப்ளின்கள் மறைவதில் கெட்டிக்காரர்கள். 2014 விதிப்படி, எதிர்பாராமல் மாட்டிக்கொண்டவருக்கு முதல் சுற்றில் எதுவும் செய்ய முடியாது. லெவல் 1 மந்திரவாதிக்கு 7 அல்லது 8 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி)தான் இருக்கும். கோப்ளின் ஒரு அடிக்குச் சராசரி 5 சேதம். இரண்டு அடி, ஆள் கீழே. அவர் இன்னும் ஒருமுறைகூட டைஸ் உருட்டியிருக்க மாட்டார்.

செய்ய வேண்டியது: முதலில் இரண்டு கோப்ளின்கள் கத்தியோடு வரட்டும். மூன்றாவது, வில்லோடு, இரண்டாம் சுற்றில் மரத்துக்குப் பின்னாலிருந்து தலைகாட்டட்டும். சண்டை சுலபமாகப் போனால் அதைச் சேர்ப்பீர்கள், திணறினால் அது வரவே வராது. வரப் போவது அவர்களுக்குத் தெரியாது. எதிர்பாராத தாக்குதல் விதியை இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள். "புதர் அசைகிறது" என்று சொல்லி, எல்லோரையும் இனிஷியேட்டிவ் உருட்டச் சொல்லுங்கள்.

எதிரியின் ஹிட் பாயின்ட்டைக் குறைப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. ஒரு எதிரி குறைந்தால் சுற்றுக்கு ஒரு தாக்குதல் குறைகிறது, உங்கள் முறையின் நீளமும் குறைகிறது. கோப்ளினின் 7 ஹிட் பாயின்ட் ஏற்கெனவே ஒரே நல்ல வெட்டுக்குப் போய்விடக்கூடியதுதான்.

இப்போது தலைவன். அவன் பக்பேர் இனம், 27 ஹிட் பாயின்ட், முள் கதாயுதம். ஒரு அடிக்கு இரண்டு எட்டு முக டைஸோடு 2 சேர்த்து, சராசரி 11. அது தவிர, எதிர்பாராமல் தாக்கினால் முதல் சுற்றில் இன்னும் இரண்டு ஆறு முக டைஸ், சராசரி 7. மொத்தம் 18. விழுந்தபின் மிச்சமாகும் சேதம் முழு ஹிட் பாயின்ட் அளவுக்கு இருந்தால் கேரக்டர் அந்த நொடியிலேயே இறந்துவிடும் என்பது விதி. 8 ஹிட் பாயின்ட் உள்ள மந்திரவாதி 18 வாங்கினால் மிச்சம் 10. பிழைக்க வழியே இல்லை.

எனவே அவனுடைய இரண்டு சிறப்புத் திறன்களையும் எடுத்துவிடுங்கள்: எதிர்பாராத் தாக்குதலின் கூடுதல் சேதமும், ஆயுதத்துக்குக் கூடுதலாக ஒரு டைஸ் தரும் முரட்டு பலமும். இனி ஒரு அடிக்கு ஒரு எட்டு முக டைஸோடு 2. புத்தகத்தில் அவனோடு ஒரு வளர்ப்பு ஓநாயும் இரண்டு கோப்ளின்களும் இருக்கிறார்கள். ஓநாயை நீக்குங்கள், கோப்ளின் ஒன்று போதும். 27 ஹிட் பாயின்ட்டை மட்டும் தொடாதீர்கள். பெரிய ஆளை அடித்து வீழ்த்த மூன்று நான்கு சுற்று ஆனால்தான் வென்ற உணர்வு வரும்.

தோற்றால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சாலைச் சண்டையில் தோற்றால் கோப்ளின்கள் வீரர்களைக் கொல்லாமல், கொள்ளையடித்துவிட்டுப் போய்விடும் என்று புத்தகமே சொல்கிறது. நான் அதைச் செஷன் முழுவதற்கும் நீட்டிக்கிறேன்: விழுந்தவர் மயக்கமாகிறார், சாவதில்லை. எல்லோரும் விழுந்தால் குகைக்குள் கன்ட்ரனுக்குப் பக்கத்தில் கட்டப்பட்டுக் கண்விழிக்கிறார்கள். கதை நிற்காது.

8. டைஸில் தொங்கும் துப்பு எதுவும் வேண்டாம்

எது தெரியாவிட்டால் கதை நின்றுவிடுமோ, அதை உருட்டலுக்கு விடாதீர்கள். சண்டை முடிந்ததும் வீரர்கள் குகைக்குப் போகும் தடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் 5க்குக் கீழே உருட்டினால்? வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். பல வாரக் கதையில் அங்கே யாராவது திருப்பி அனுப்பலாம், உங்களிடம் அந்த நேரம் இல்லை.

தடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்: இழுத்துச் சென்ற அடையாளம், ஒற்றைப் பூட்ஸ். உருட்டல் நன்றாக வந்தால் கூடுதல் தகவல் கொடுங்கள்: எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று. இரண்டாவது வழியாக, பிடிபட்ட கோப்ளின் ஒன்று வாய் திறக்கத் தயாராக இருக்கட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. குதிரைகளுக்குப் பக்கத்தில் ஒரு காலி வரைபட உறை கிடக்கிறது. புதியவர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஆராய்வார்கள். அது எதற்கும் இட்டுச்செல்லாது என்றால் "வேறு ஒன்றும் இதில் இல்லை" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மர்மமாகச் சிரித்தால் இன்னும் தோண்டுவார்கள்.

9. கேரக்டர் ஷீட்டைச் சுத்தம் செய்யுங்கள்

பெட்டியிலேயே தயாராக ஐந்து கேரக்டர்கள் வருகிறார்கள்: இரண்டு மனிதப் போர்வீரர்கள், ஒரு குள்ளர் பூசாரி, ஒரு ஹாஃப்லிங் திருடர், ஒரு எல்ஃப் மந்திரவாதி. நான்கு பேர் என்றால் போர்வீரர்களில் ஒருவரை விடுங்கள், பூசாரியை விடாதீர்கள். விழுந்தவரை எழுப்ப ஆள் இருக்க வேண்டும்.

கேரக்டரை அவர்களே உருவாக்கட்டும் என்று ஆசைப்படுவீர்கள். முதல் நாளில் வேண்டாம். விளையாட்டே என்னவென்று தெரியாதவரிடம் பன்னிரண்டு வகுப்பில் (பூசாரி, மந்திரவாதி மாதிரியான தொழில்) ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய்விடும். பெயரையும், கன்ட்ரன் செய்த உதவியையும் அவர்கள் வைக்கட்டும். மற்றது தயாராக இருக்கட்டும்.

ஷீட்டில் ஹைலைட்டரால் நான்கு இடங்களை மட்டும் அடையாளமிடுங்கள்: ஆர்மர் கிளாஸ், ஹிட் பாயின்ட், முக்கிய ஆயுதம், சிறந்த மூன்று திறமைகள். மந்திரவாதிக்கு ஒவ்வொரு மந்திரத்தையும் தனி அட்டையில் இரண்டு வரியில் தமிழில் எழுதிக் கொடுங்கள். மூன்று போதும். மேஜிக் மிசைலை நிச்சயம் வையுங்கள், தவறாமல் படும் என்பதால் புதியவருக்கு அது நம்பிக்கை தரும். ஸ்லீப்பையும் வையுங்கள். 2014 விதியில் அது ஐந்து எட்டு முக டைஸ், சராசரி 22 ஹிட் பாயின்ட் அளவு எதிரிகளைத் தூங்கவைக்கும், அதாவது மூன்று கோப்ளின். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த சண்டை ஒரே செயலில் முடிந்துபோகலாம். முடியட்டும். அவர் அதை ஒரு வருடத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

10. தமிழில் சொல்லிப் பாருங்கள்

புத்தகத்தில் வாசித்துக் காட்ட வேண்டிய பத்திகள் ஆங்கிலத்தில் பெட்டி போட்டு வருகின்றன. அங்கேயே மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். வாய் தடுமாறும், செய்யுள் மாதிரி ஏதோ வரும். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று வாக்கியம், நீங்கள் பேசுகிற தமிழில், முன்னாலேயே எழுதுங்கள். என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, எது சரியில்லை என்ற மூன்றும் அதில் வந்தால் போதும்.

சாலைக் காட்சிக்கு நான் வைத்திருப்பது: "வண்டி ஒரு வளைவுல திரும்புது. ரோட்டுக்குக் குறுக்கே ரெண்டு குதிரை செத்துக் கிடக்கு, உடம்புல அம்பு. ரெண்டு பக்கமும் புதர், ஒரு குருவிச் சத்தம்கூட இல்ல. என்ன பண்றீங்க?"

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். அது இல்லாவிட்டால், பேச வேண்டியது தங்கள் முறை என்று புதியவர்களுக்குத் தெரியாது.

டைஸ், ஹிட் பாயின்ட், லெவல் போன்ற சொற்களை அப்படியே விடுங்கள், யாருக்கும் சிரமமில்லை. ஆனால் "பெர்செப்ஷன் செக் பண்ணுங்க" என்பதற்குப் பதில் "சுத்திலும் கவனமா பார்க்கிறீங்கன்னா இருபதை உருட்டுங்க, ஷீட்ல பெர்செப்ஷன்னு இருக்கிற எண்ணைக் கூட்டுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு முறை இப்படிச் சொன்னால் மூன்றாம் முறை அவர்களே கேட்பார்கள்.

பெயர்களைக் குறையுங்கள். கன்ட்ரன், கைதி அறையில் உள்ள கோப்ளின் யீமிக், அவ்வளவே. தலைவனின் பெயரை மாற்றியே ஆக வேண்டும். புத்தகத்தில் அவன் பெயர் தமிழ்க் காதுக்கு 'கிளார்க்' என்று விழுகிறது. அலுவலக கிளார்க் நினைவுக்கு வந்துவிட்டால் குகைக்குள் இருந்த பயம் போய்விடும். நான் அவனை 'கரும்பல்லன்' ஆக்கிவிட்டேன். இந்த மாதிரிப் பெயர் மாற்றத்துக்கு இதுதான் சரியான நேரம், படி 1க்கு முன்னால் அல்ல.

11. ஒரு முறை வாய்விட்டு நடத்திப் பாருங்கள்

வீட்டில் யாராவது ஒருவரை உட்காரவைத்து, சாலைக் காட்சியையும் சண்டையின் இரண்டு சுற்றையும் மட்டும் நடத்துங்கள். கோப்ளின் எப்படி உருட்ட வேண்டும், எந்த எண் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் கைக்குப் பழக்கமாகும். எந்த இடத்தில் அவர் "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் உங்கள் மூன்று வாக்கியத்தைத் திருத்துங்கள்.

12. அன்றைய மேசையில்

கைதி அறைதான் சிக்கலான இடம். ஆறு கோப்ளின்கள் இருக்கிறார்கள். யீமிக் கைதியை ஒரு மேட்டின் விளிம்புக்கு இழுத்து வந்து, "ஆயுதத்தைக் கீழே போடுங்க, இல்லன்னா இவனைத் தள்ளிடுவேன்" என்கிறான். அவனுக்குத் தலைவனைக் கண்டால் ஆகாது. தலைவனைத் தீர்த்துக்கட்டினால் கைதியை விடுகிறேன் என்று பேரம் பேசுவான். சண்டையாக எடுத்தால் ஆறு கோப்ளின்கள் என்பது நான்கு பேரால் தாங்க முடியாதது. எண்ணிக்கையை மூன்றாக்குங்கள். ஆனால் பேச்சை முதலில் தொடங்குவது யீமிக்காகவே இருக்கட்டும். எதிரியே பேசத் தொடங்கினால்தான், பேசவும் செய்யலாம் என்பது புதியவருக்குப் புரியும்.

யாராவது பதினைந்து நிமிடமாக வாயைத் திறக்கவில்லை என்றால் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். இரண்டு வழியைக் கொடுத்துக் கேளுங்கள்: "பாலத்து மேல ஒரு காவல்காரன் நிக்கிறான். அம்பு விடுறீங்களா, இல்ல அவன் பார்க்காம கீழே நழுவிப் போறீங்களா?" பெரும்பாலும் அவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார், அதுதான் வேண்டும்.

விதி நினைவுக்கு வராவிட்டால் தேடாதீர்கள். 10க்கு மேல் உருட்டினால் நடக்கும், கடினமான காரியம் என்றால் 15. தொடருங்கள். செஷன் முடிந்தபின் சரியான விதியைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

விளையாடத் தெரிந்த ஒருவர் மேசையில் இருந்தால் அவர் மற்றவர்களுக்கு யோசனை சொல்லத் தொடங்குவார். நல்லெண்ணம்தான், ஆனால் புதியவரின் முறையை அவர் விளையாடிவிடுகிறார். தொடங்கும் முன்பே அவரிடம் தனியாக ஒரு வேலை கொடுங்கள்: இனிஷியேட்டிவ் வரிசையை எழுதிவைப்பது, எதிரிகளின் ஹிட் பாயின்ட்டைக் கழிப்பது.

கடிகாரத்தைப் பாருங்கள். கடைசி முக்கால் மணி நேரம் தொடங்கும்போது கைதியை இன்னும் பார்க்கவில்லை என்றால், பாலத்தை மறந்துவிட்டு நேராக அறைக்குக் கொண்டுபோங்கள். தலைவன் வராமல்போனாலும் பரவாயில்லை. கன்ட்ரன் கட்டவிழ்க்கப்பட வேண்டும்.

13. முடிந்தவுடன்

எல்லோரும் கிளம்புமுன் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: "எந்த இடத்துல என்ன செய்யறதுன்னு தெரியாம இருந்தீங்க?" நன்றாக இருந்ததா என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் பதில் வரும், அதை வைத்து எதையும் திருத்த முடியாது.

பதில்களை அந்த ஒற்றைத் தாளின் ஓரத்திலேயே எழுதுங்கள். அடுத்த குழுவுக்கு நடத்தும்போது புத்தகத்தைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை, அந்தத் தாளே போதும். இதே குழு தொடர விரும்பினால் இரண்டாம் பாகத்தைப் படிக்கத் தொடங்குங்கள். படி 4இல் சில்டாரை நீக்கியிருக்கிறீர்கள், அந்த ஊரில் வீரர்களுக்கு வேலை கொடுப்பவர்களில் அவரும் ஒருவர். அவர் பேச வேண்டியதை எல்லாம் இனி கன்ட்ரன் வாயில் வைக்க வேண்டும். மூன்றாம் பாகத்துக் கோட்டையில் தேட வேண்டியது ஆளை அல்ல, வரைபடத்தை.